நடுவட்டம் திரும்பிய பத்து ரூபாய்

பழுதாக அடித்த காசை நல்ல காசைவிட அதிக விலைக்கு விற்கிற தொழில் எங்களுடையது. பை நிறையச் சில்லறையைக் கொட்டி, லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து கழுத்துப் பிடித்துக்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நான் பல்லடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு மாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்குத் தறி வேலை. வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்தான். வருகிற காசில் இருப்பது நாணயச் சாலையில் நேர்ந்த பிழையா, வெளியே யாரோ செய்த சேட்டையா என்று பார்த்து, ஒரு சிறு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்: "மூணு மாசம் பாப்பம் அம்மணி. சீட்டு ஒண்ணும் தப்பாகலைன்னா வேலை உனக்கு."

லட்சுமியின் முகம்

தாராபுரத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். வண்ணத்தில் லட்சுமி படம் பதித்த வெள்ளி நினைவுக் காசு ஒன்றைப் போன மாதம் எங்களிடம் வாங்கியவர்கள். இப்போது லட்சுமிக்கு முகம் இல்லை. சிவப்புப் புடவையில் ஒரு ஓரமும், தாமரையில் இரண்டு இதழும் மிச்சம்.

அந்த வண்ணம் காசை அடித்து முடித்த பிறகு மேலே ஏற்றுவது. டப்பாவைத் திறக்கவே வேண்டாம் என்று விற்கும்போதே இரண்டு தடவை சொல்லியிருந்தேன். "எப்படிங்க ஆச்சு?" என்றேன். கணவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாவிடம் துளித் தயக்கம் இல்லை. "வெள்ளிக்கெழமை புளி போட்டு வெளக்காம சாமிக்குப் பொட்டு வெக்கச் சொல்றீங்களா?"

முட்டைக்காரர்

கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் மஞ்சள் பை நிறைய ஐந்து ரூபாய்க் காசுகள் கொண்டுவந்தார். முட்டை வியாபாரத்தில் வந்த சில்லறையை மூன்று நாள் பொறுக்கிச் சேர்த்தாராம். செல்போனில் ஒரு வீடியோ, ஓரம் சப்பையான காசு லட்ச ரூபாய் போகும் என்று சொல்லியிருந்தது. நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சில தேய்ந்தவை, சில சுத்தியலடி வாங்கியவை, ஒன்றின் மேல் பஸ் டயர் ஏறியிருக்க வேண்டும். எல்லாமே ஐந்து ரூபாய்தான் என்றேன், முடிந்தவரை மெதுவாக.

அவர் பையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "வீடியோவுல அந்தப் பையன் சிரிச்சுட்டே லட்சங்கறான். நீங்க படிச்ச புள்ள, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு அஞ்சு ரூவாங்கறீங்க."

சாய்ந்த சிங்கம்

பத்து ரூபாய்க் காசில் வெளி வளையம் ஒரு உலோகம், நடுவட்டம் வேறொன்று. கணபதி பக்கம் பட்டறையில் லேத் ஓட்டுகிற ஒருவர், என் வயதுதான் இருக்கும், எண்ணெய்க் கறை படிந்த விரலால் அப்படி ஒரு காசை என் மேசையில் வைத்தார். வளையத்தில் எழுத்து நேராக இருந்தது. நடுவில் சிங்கங்கள் மட்டும் சாய்ந்து கிடந்தன. இதே மாதிரி ஒன்று இரண்டு வாரம் முன்பே கடைக்கு வந்திருந்தது. அதற்கு 'அச்சு திரும்பியது, அசல் பிழை' என்று நான் சீட்டு எழுத, கிணத்துக்கடவு தென்னந்தோப்புக்காரர் ஒருவர் ஆசையாக வாங்கிப் போயிருந்தார். அந்தத் தைரியத்தில், "அசல்தானுங்க, நல்ல விலைக்குப் போகும்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நேத்து டீ டைம்ல நாந்தானுங்க பண்ணுனேன். நடுவத் தட்டி எடுத்து, திருப்பி வெச்சு, ஹேண்ட் பிரஸ்ல ஒரு அமுக்கு. போன மாசமே நாலஞ்சு பண்ணி ஆளுக்கொண்ணு குடுத்துபோட்டேன்." அப்படியானால் கிணத்துக்கடவுக்குப் போனதும் அதில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். லென்ஸைத் துடைத்து மறுபடி பார்த்தேன். அவர் விடவில்லை. "ஏனுங்க, ரெண்டையும் ஒண்ணாச் சேத்து வெச்சு, ஒரே அடியாத்தான அச்சு அடிக்கறாங்க? அப்பறம் நடு மட்டும் எப்படிங்க திரும்பும்?"

நான்கு நாள் பாக்கி

மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. கிணத்துக்கடவுக்காரருக்குத் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை நிச்சயம். திறந்தால், பொண்ணைப் படிக்க வைத்து என்ன கண்டாய் என்று அப்பாவைக் கேட்க எங்கள் வீதியில் நாலு பேர் தயாராக இருந்தார்கள். பஸ்ஸில் பல்லடம் போகும் வரை இதையே யோசித்தேன். மறுநாள் காலை திரும்பி வரும்போதும் அதுதான்.

கடை திறந்ததும் முதலாளியிடம் சொன்னேன். அவர் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்தார். பிறகு துணியை உதறிவிட்டுச் சொன்னார்: "போன் பண்ணி நீயே சொல்லு அம்மணி. அவரு என்ன சொல்றாரோ, அதுதான் எம்பட முடிவும்."

ஒரே ஒரு சீட்டு

சீட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று மட்டும் போனில் சொன்னேன். சனிக்கிழமை கிணத்துக்கடவுக்காரரே வந்துவிட்டார். காசும் சீட்டும் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருந்தன. மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன்: சீட்டு தப்பு, காசு பட்டறையில் பண்ணியது, பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறோம். அவர் என் லென்ஸைக் கேட்டு வாங்கினார். காசைப் பார்க்கவில்லை, என் கையெழுத்தைப் பார்த்தார்.

"இந்தக் காசு மாதிரி எத்தன இருக்கும்?" என்றார். நாலைந்து இருக்கலாம் என்றேன். "இந்த மாதிரி சீட்டு?" அது ஒன்றே ஒன்றுதான் என்றேன். அவர் சீட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "பணமெல்லாம் கெடக்கட்டும். பின்னாடி 'இது தப்பு'ன்னு எழுதி இன்னொரு கையெழுத்துப் போட்டுக் குடு கண்ணு. இப்பிடி ஒண்ணு எவன்கிட்டயும் இருக்காது."

எழுதிக் கொடுத்தேன். அவசரமாகப் போட்டதில் இரண்டு கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை. அது இன்னும் விசேஷம் என்று சொல்லிவிட்டு அவர் படி இறங்கினார். முதலாளி பெட்டிக்குப் பின்னாலிருந்து தலை நிமிராமலே சொன்னார்: "சீட்டுப் புஸ்தகம் தீரப்போவுது. புதுசு அடிக்கச் சொல்லிரு, உம்பேரப் போட்டு."

அந்தப் புதுப் புத்தகத்தில் இதுவரை நான் எழுதிய சீட்டுகள் எல்லாமே சரியானவை. அவற்றில் ஒன்றைக்கூட யாரும் பத்திரப்படுத்தி வைத்திருப்பதாகத் தகவல் இல்லை.