காற்றுக் குழாயை அறுத்தவர்

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன மறு வருஷம் நாங்கள் ஒரு வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியேறினோம். மாடியில் இருந்த சொந்தக்காரரைத் தெருவே பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி 'முசியே' என்றுதான் கூப்பிடும். வெள்ளை டிரில் சூட்டு, மழமழவென்று மழித்த முகம், குரல் உயராத பேச்சு. தினமும் காலையில் எதிர்ச்சாரியில் நின்று தன் வீட்டு முகப்பைப் பார்த்து ரசித்த பிறகுதான் காப்பி குடிப்பார்.

அந்த முகப்பின் அழகைக் கெடுக்கிறதென்று, கக்கூஸ் தொட்டியின் காற்று மேலே போகும் குழாயை அறுத்து அடைத்துவிட்டார். அன்றிலிருந்து நாற்றமெல்லாம் எங்கள் சமையலறை ஜலதாரி வழியாக வந்தது. என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். ஒரு கவளம் வாயில் வைத்தாலே வாந்தி எடுப்பாள். நான் போய்ச் சொன்னபோதெல்லாம் முசியே, "பழகிடும்" என்றார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் என் மனைவியே அவரைச் சாப்பிடக் கூப்பிட்டு, ஜலதாரிக்குப் பக்கத்தில் இலை போட்டாள். அவர் உட்கார்ந்து நிதானமாக, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

"நாத்தம் தெரியலீங்களா?" என்று கேட்டாள்.

"தெரியுதும்மா. பொறுத்துக்கிட்டுதானே சாப்ட்டேன்? நீயும் பொறுத்துக்க."

அவள் என்னிடம், "சாமானைக் கட்டுங்க" என்றாள். அன்று சாயங்காலமே அரியாங்குப்பத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டோம்.

வாசனையே தெரியாத மனிதராக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். எல்லாம் தெரிந்தே, இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.