நாலு விரல் உயரம்

எங்கள் பட்டறை மேஸ்திரி அளவெடுக்க டேப்பைத் தொட்டு நான் பார்த்ததில்லை. எல்லாம் விரல்தான். அன்றும், எனக்குச் சோறு கொண்டுவந்த அம்மாவை ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் நிறுத்தி, "யம்மா, கைய நல்லா ஒசத்து பாப்போம், எவ்ளோ தூரம் எட்டுது?" என்றார். அம்மா எங்கள் தெருவிலேயே உயரமான பெண். கூடையைக் கீழே வைத்துவிட்டு, நுனிக்காலில் நின்று கையை நீட்டினாள். வண்டியின் தளத்தின் மேல் உயரமாகப் போட்டிருந்த பலகை மேடையின் விளிம்பை அவள் விரல்கள் சரியாகத் தொட்டன. அந்த விரல்களுக்கு மேலே மேஸ்திரி தன் நாலு விரலைப் படுக்கவைத்துப் பார்த்துச் சிரித்தார். ஏதோ வேடிக்கை என்று நினைத்து அம்மாவும் சிரித்தாள், பாவம்.

போன மாதம் மேஸ்திரியின் படத்திறப்பு. காஞ்சிபுரத்தில் பட்டறை வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் வந்து, தங்கமான மனுஷன் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். தங்கமாம்! கடைசி வரிசையில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன். வேலையில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெல்டிங் அடித்த இரும்பைச் சூடு ஆறும் முன் "புட்றா" என்று நம் கையில் கொடுத்துவிட்டு, நாம் துள்ளுவதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கிற ஆள் அவர். எங்கள் உள்ளங்கைகளில் இருந்த கொப்புளங்களைப் பற்றி மைக்கில் யாரும் பேசவில்லை.

அந்த வண்டி எங்கள் ஊர்த் தலைவருடையது. நாலு சக்கரமும் இழுக்கும். ஆற்று மணலானாலும் ஏரிச் சேறானாலும் சிக்காது. ஆடித் திருவிழாவில் அம்மனை அதில்தான் ஊர்வலம் கொண்டுபோவார்கள். எங்கள் ஊர் என்று சொல்லிவிட்டேன். தலைவர் இருப்பது ஊர், நாங்கள் இருப்பது காலனி. அம்மன் வண்டி காலனி முனையிலுள்ள சின்னப் பாலத்தோடு திரும்பிவிடும். நாங்கள் பாலத்தில் நின்று, மாலையை யார் கையிலாவது கொடுத்தனுப்ப வேண்டும். அது அம்மனிடம் போனதா, பாலத்துக்கு அடியில் போனதா, யார் கண்டது? நான் கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் தானே கட்டிய மாலையைத் தன் கையாலேயே அம்மன் காலடியில் வைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்தேன், கல்யாணம் கட்டினேன், எனக்குப் பிள்ளையும் பிறந்தது. வேண்டுதல் மட்டும் அப்படியே கிடந்தது. அந்த வருடம்தான் அதிகாரிகள் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார்கள். வண்டி காலனித் தெருவுக்குள் வரும் என்று தலைவர் கையெழுத்துப் போட்டார். அன்று முதல் அம்மா நல்ல பூவுக்காகப் பூக்காரம்மாவை நச்சரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

தலைவர் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து பின்பக்கத்தைத் தூக்கச் சொன்னார். பள்ளத்தில் அடி வாங்குகிறதாம். பின் ஸ்பிரிங் பட்டாவின் ஒரு முனையைச் சேசிஸிலிருந்து தொங்கவிடும் இரும்புத் துண்டுகளைச் சாக்கிள் என்போம். அவற்றை நீளமாக்கினால் வண்டியின் பின்புறம் எழும்பும். ஆனால் பட்டாவின் மறுமுனை இருந்த இடத்திலேயே இருப்பதால், எட்டு விரல் கூட்டினால்தான் நாலு விரல் எழும்பும். தடித்த இரும்பை வெட்டித் துளை போட்டு, ஜாக்கி வைத்து, துருப்பிடித்த போல்ட்டுகளை அடித்துக் கழற்றிப் புதியதை மாட்டியவன் நான். "இவ்ளோ நீளம் ஆவாது மேஸ்திரி, ஆட்டம் குடுக்கும்" என்று சொல்லியும் பார்த்தேன்.

"தெருவுல நத்த மாதிரி போவப்போற வண்டிடா. உனக்கின்னா?" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வேலை முடிந்ததும் தலைவர் வந்து சுற்றிப் பார்த்தார். மேஸ்திரி என் தோளில் கைபோட்டுக்கொண்டு, "இவன் அம்மா கைய வச்சித்தான் தலைவரே அளவெடுத்தேன். அந்த ஒசரத்துக்கே எட்டலன்னா காலனில எவளுக்கும் எட்டாது" என்றார்.

தலைவர் பற்கள் தெரியச் சிரித்தார். "வண்டி வரும்னுதான எழுதிக் குடுத்தேன்? கை எட்டும்னா எழுதிக் குடுத்தேன்?"

பழைய சாக்கிளையே மாட்டிவிடுகிறேன் என்று குனிந்தேன். மேஸ்திரி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வண்டி மேல கைய வச்ச, ஒடிச்சி அடுப்புல வச்சிடுவேன்" என்றார். தலைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வீட்டுக்குப் போனால் அம்மா, மாலையில் மரிக்கொழுந்து சேர்க்கலாமா என்று கேட்கிறாள். சேர்க்கலாம் என்றேன். வேறு என்ன சொல்லட்டும்?

திருவிழாவன்று வண்டி தெருவுக்குள் வந்தது. ஆண்கள், நடுவில் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம், தட்டும் மாலையும் வைத்திருந்த பெண்கள் அந்தப் பக்கம். முதல் ஆளாக நின்றவள் என் அம்மா. கையை உயர்த்தினாள். எட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் எம்பினாள்; ரவிக்கையின் தோள் கிழிந்ததுதான் மிச்சம். மேலே நின்றவர்கள் குனிந்து வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. மாங்காய் பறிக்கும் தொரட்டிக் கோலை நீட்டி, "இதுல மாட்டிட்டுப் போம்மா, நேரமாவுது" என்றார்கள். அம்மாவைத் தூக்கிப் பிடிக்கக் கயிற்றைத் தாண்டினேன். காவலுக்கு நின்றவர் என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். அம்மா மாலையைக் கோலில் மாட்டினாள். அது பாதி உயரத்தில் நழுவிச் சேற்றில் விழுந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

வீட்டில் ரவிக்கையின் கிழிசலைத் தைத்துக்கொண்டே அம்மா, "அது உங்க பட்டறைல செஞ்ச வண்டிதானப்பா? அளவு தப்பாப் பூட்ச்சா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. தப்பாப் பூட்ச்சி."

"சரி வுடு. மேஸ்திரிகிட்ட சண்டைக்கு நிக்காத. அடுத்த வருசம் எறக்கிடு" என்றாள்.

மறுநாளே, அம்மாவிடம் சொல்லாமல், அந்தப் பட்டறையிலிருந்து நின்றுகொண்டேன். அடுத்த வருடம் வண்டி இறங்கவில்லை, அதற்கடுத்த வருடமும் இல்லை. வருடங்கள் ஓடின; ஒவ்வொரு ஆடியிலும் அம்மா மாலை கட்டினாள், தொரட்டியில் மாட்டினாள். அம்மனைவிடத் தொரட்டிதான் அவளிடம் அதிக மாலை வாங்கியிருக்கும்! என்னிடம் மட்டும், "இந்த வருசமும் மறந்துட்டியாப்பா?" என்பாள். நானும் ஆமாம் என்பேன்.

இந்த ஆடியில் வண்டி தெருவுக்குள் திரும்பியதுமே கண்டுகொண்டேன். நான் சொன்ன ஆட்டம் தாங்காமல், யாரோ பழைய அளவுச் சாக்கிளையே திரும்ப மாட்டியிருந்தார்கள். தொரட்டியைக்கூடக் காணோம். "எறக்கிட்டாங்கம்மா, போ!" என்று கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். அம்மா மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடாத குறையாகப் போனாள். போய், வளைந்த முதுகை நிமிர்த்த முடிந்த மட்டும் நிமிர்த்திக் கையை உயர்த்தினாள். விரலுக்கும் மேடைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. உயர்த்திய கையோடு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் எறக்கவே இல்லியேப்பா" என்றாள்.