மாமா திருப்பிக் கேட்ட மண்

எங்கள் மாமா ஒருமுறை தன் மண்ணைத் திருப்பிக் கேட்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். காணித் தகராறு என்று நினைத்துவிட வேண்டாம். அவர் கேட்டது உண்மையிலேயே மண்தான், கூடையில் அள்ளித் தலையில் வைத்துத் தூக்கிப் போகிற மண்.

கண்டிக்குப் பக்கத்தில் அலவத்துகொடயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவாக ஒரு காணி இருந்தது. மேல் பாதி மாமாவுக்கு, கீழ்ப் பாதி உம்மாவுக்கு. மாமா உம்மாவின் ஒரே தம்பி. கட்டாரில் பல வருடம் லொறி ஓட்டிவிட்டு, இனி ஊரை விட்டுப் போவதில்லை என்று அவர் வந்து இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது.

அப்போது இரண்டு பாதியும் ஒரே மாதிரித்தான் இருந்தன. உயரத்தில் பலாவும் சாதிக்காயும் கராம்பும். அவற்றின் இடையில் கிளிசரியா மரங்களைப் பிடித்து ஏறிய மிளகுக் கொடிகள். அடியில் கோப்பியும் இஞ்சியும். எந்த மாதம் போனாலும் பறிக்க ஏதாவது இருக்கும், ஆனால் எதுவும் லொறி நிறையக் கிடைக்காது. அதுதான் மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"ராத்தா, இது தோட்டமா காடா?" என்று உம்மாவிடம் கேட்டார். "இப்பிடிக் கொஞ்சம் கொஞ்சமா வந்தா நாங்க எப்ப மேல வாற?"

"உன்ட பாதி, உன்ட விருப்பம்" என்றார் உம்மா.

மாமா ஆள் பிடித்து மரங்களை வெட்டினார். பலாவை வெட்ட அனுமதி எடுக்க வேண்டியிருந்ததால் அது மட்டும் தப்பியது. மேலிருந்து கீழாக நூல் பிடித்த மாதிரி வரிசை போட்டுப் போஞ்சி நட்டார். முதல் போகம் பிரமாதம். சந்தைக்குப் போகிற லொறி எங்கள் வாசலில் நின்று போஞ்சிக்காயை மூடை மூடையாக ஏற்றிக்கொண்டு போனது. மாமா எனக்குச் சிவப்புச் சப்பாத்து வாங்கித் தந்தார். அதைப் போட்டுக்கொண்டு உம்மாவிடம் போய், நம்முடைய மரங்களை எப்போது வெட்டுவோம் என்று கேட்டேன். முற்றத்தில் காய்கிற மிளகை மழைக்கு முன் அள்ளச் சொன்னார். அதுதான் பதில்.

அடுத்த போகத்துக்குள் ஊரில் பாதிப் பேர் போஞ்சி நட்டுவிட்டார்கள். விலை விழுந்தது. விழுந்த விலையை எட்டிப் பிடிக்க மாமா இன்னும் நெருக்கமாக நட்டார். கொடி கம்பில் ஏறிப் பூ வைத்த நேரத்தில் ஐப்பசி மழை வந்தது. ஒரே பின்னேரம்தான் பெய்தது. வெயில் காலத்தில் கல்லாகக் கிடந்த சரிவு, பால் பொங்கி வழிகிற மாதிரி கீழே இறங்கியது.

எங்கள் எல்லையில் கிளிசரியாவும் மிளகும் நெருக்கமாக நின்றன. அடியில் சருகு மெத்தை போலக் கிடந்தது. இறங்கி வந்த மண் அங்கே முட்டி நின்றுவிட்டது. காலையில் பார்த்தால் முழங்கால் உயரத்துக்குப் புது மண், அதன் மேல் பூவோடு சாய்ந்து கிடந்த போஞ்சிக் கொடிகள். மேலே மாமாவின் பாதியில் செம்பாறை தெரிந்தது.

வாசலில் மாமா மண்வெட்டியோடு நின்றார். கண் சிவந்திருந்தது.

"ராத்தா, அது என்ட மண்."

வாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "எடுத்துக்கொண்டு போ. புள்ளைகளும் வருவாங்க" என்றார்.

நானும் எனக்கு மூத்தவனான நானாவும் கூடை சுமந்தோம். மூன்று அடி ஏறினால் ஒரு அடி வழுக்கியது. அஸர் தொழுகை நேரம் வரைக்கும் சுமந்து கொட்டிய மண்ணை, மாலையில் வந்த அரை மணி நேர மழை பத்திரமாக எங்கள் எல்லைக்கே கொண்டுவந்து சேர்த்தது. நானா விழுந்து விழுந்து சிரித்தான். மாமா அந்த ஈரத்திலேயே குந்திவிட்டார்.

மறுநாள் உம்மா முதலில் கூடையைத் தொடவிடவில்லை. எங்கள் கிளிசரியாக் கிளைகளை வெட்டி, தடியாகத் தறித்து, மாமாவின் சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாக நடச் சொன்னார். இலைதழையைத் தடிகளின் மேல்பக்கம் அணை போலப் போட்டோம்.

"நிழல் விழுமே, ராத்தா" என்றார் மாமா, பழைய வீறாப்பில் மிச்சமிருந்த கொஞ்சத்தோடு.

"விழட்டும். கூடினா வெட்டு. வெட்டின இலைய மண்ணுக்கே போடு. உர மூடைக்கு நீ குடுக்கிற காசு மிஞ்சும்."

தடிகள் துளிர்த்தன. அடுத்த வருடம் அவற்றில் மாமா மிளகு ஏற்றினார், இடையில் கராம்புக் கன்றும் வைத்தார். போஞ்சியை அவர் விடவில்லை. இன்றைக்கும் மரவரிசைகளுக்கு இடையில் நடுகிறார். போஞ்சி விலை விழுந்தால் மிளகு தாங்குகிறது, மிளகு ஏமாற்றினால் கராம்பு கைகொடுக்கிறது. கட்டாருக்கு அவர் திரும்பிப் போகவேயில்லை.

தடி நட்ட அன்று நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வரிசைகள் முடிந்த பிறகு மீண்டும் மண் சுமந்தோம். கூடைகளில் அள்ளிப் போட்டது உம்மா. சரிந்து வந்த சிவப்பு மண் தீர்ந்தும் அவர் நிறுத்தவில்லை. மிளகு அடியிலிருந்த எங்கள் கறுப்பு மண்ணை, சருகும் மண்புழுவுமாக, அள்ளி நிரப்பிக்கொண்டே இருந்தார்.

"உம்மா, இது மாமாட மண் இல்ல. எங்கட மண்" என்று அவர் கையைப் பிடித்தேன்.

"எல்லாம் ஒண்டுதான். கொண்டு போ" என்றார், நிமிராமல்.

சிவப்பும் கறுப்பும் தெரியாத அளவுக்கு உம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாமாவின் காதில் விழாமல் வாப்பாவைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, உம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுக்கும்படி கெஞ்சினேன்.