மாஸ்டர் உயிரோடதான் இருக்காரு

பெரம்பலூரில் சிறு கடைகளுக்கு இன்ஸ்டா பக்கம் நடத்திக் கொடுப்பது அபிநயாவின் வேலை. வளையல் கடை, செருப்புக் கடை, ஒரு வாட்டர் சர்வீஸ். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான்: மஞ்சளும் சிவப்புமாக எழுத்து, மூலையில் பிள்ளையார், நடுவில் செல்போனைக் காதில் வைத்தபடி முதலாளி. கொஞ்சம் இடம் காலியாக இருந்தாலும் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள். ஆங்கில வீடியோக்களைப் பார்த்து அவள் கற்றதோ நேர்மாறு. ஒரு படம், ஒரு வரி, சுற்றிலும் வெறுமை. அதைச் செய்துபார்க்க இடம் கொடுத்தவர் ஒருவர்தான், செட்டிகுளத்துக் கல்யாணச் சமையல் மாஸ்டர் சிங்காரவேலு.

மண்டபத்துக்காரர்களே திருச்சி கேட்டரிங்கைச் சேர்த்துப் பேசிவிடுவதால் அவருக்கு வேலை வருடா வருடம் குறைந்துகொண்டிருந்தது. இந்த ஆவணி முகூர்த்தமும் கைவிட்டால் அண்டா குண்டானை விற்றுவிட்டுத் திருப்பூரில் மகனோடு போய் ஒண்ட வேண்டியதுதான் என்று அவர் மனைவி பொன்னாயி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அபிநயா அவரை அடுப்படியில் நிறுத்தி, கைகூப்பச் சொல்லிப் படம் எடுத்தாள். நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கினாள். கீழே சின்ன எழுத்தில், ‘செ. சிங்காரவேலு. என்றும் நினைவில் நிற்கும் கைமணம்.’

மாஸ்டர் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “கலரு போயிடுச்சே பாப்பா?”

“இப்ப இதுதான் மாஸ்டர் எடுப்பா இருக்கும்.”

படித்த பிள்ளை சொன்னால் சரி என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் அந்தப் பதிவுக்கு, அவள் அதுவரை போட்ட எதுவும் காணாத கூட்டம். பூரிப்போடு கமென்ட்டைத் திறந்தாள். ஆழ்ந்த இரங்கல். கண்ணீர்த் துளிகள். எங்க அக்கா கல்யாணத்து வத்தக்குழம்பு இன்னும் நாக்குல நிக்குது, போயிட்டீங்களே மாஸ்டர். அப்போதுதான் ஊரின் கண்ணால் அந்தப் படத்தைப் பார்த்தாள். முச்சந்திக்கு முச்சந்தி நிற்கிற கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

மாஸ்டரின் அக்கா தா.பழூரிலிருந்து மாலையோடு பஸ் ஏறி, தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். வாசலில் தம்பி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“மாலைய கீழ வைக்கா. டீ சாப்புடு.”

அழுகையை நிறுத்தாமலே அவர் முதுகில் அறைந்தாள். தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். “செத்தா யாரு யாரு வருவாங்கன்னு பாத்தாச்சு. ஒங்க அண்ணன் வரல பாரு” என்று பொன்னாயியைச் சீண்டினார்.

அதன் பிறகு சிரிக்க எதுவும் இல்லை. பேசிவைத்திருந்த கல்யாணங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. யாரும் காரணம் சொல்லவில்லை. கல்லங்குறிச்சியில் பெண்ணைப் பெற்ற ஒரு அம்மா மட்டும் மனம் நோகாமல் சொல்லப் பார்த்தாள். “நீங்க நூறு வயசு இருக்கணும் மாஸ்டர். ஆனா ஊரே அஞ்சலி போட்ட ஆளு கையால எம் பொண்ணு கல்யாணத்துக்கு அடுப்பு பத்தவைக்க மனசு வரலைங்க.”

அபிநயா பதிவை நீக்கினாள். அதற்குள் அது ஊரார் ஸ்டேட்டஸிலெல்லாம் ஏறியிருந்தது. மாஸ்டர் சாம்பாரைத் துழாவியபடி சிரித்து, நான் நல்லாருக்கேன், ஆர்டர் குடுங்க என்று சொல்லும் வீடியோவைக் கலரில் எடுத்துப் போட்டாள். பார்த்தவர்கள் சொற்பம். முதல் கமென்ட்டில், பழைய வீடியோ போல, எப்படிச் சிரிக்கிறாரு பாருங்க, பாவம் என்றிருந்தது.

மாஸ்டர் உயிரோடதான் இருக்காரு என்று அவள் பதில் எழுதினாள்.

ஆமா சிஸ்டர், நம்ம எல்லார் மனசுலயும் என்று உடனே மறுபதில் வந்தது.

ஆவணி கழிந்தபின் செட்டிகுளம் போனாள். அண்டாக்கள் குப்புறக் கிடந்தன. பொன்னாயி டீயை வைத்துவிட்டு முகம் பாராமல் உள்ளே போனாள். வழி நெடுகச் சேர்த்துவைத்திருந்த மன்னிப்போடு அவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவர்தான் பேச்செடுத்தார். அழைப்பு வராமல் இல்லையாம். எல்லாம் பதினாறாம் நாள் சாப்பாட்டுக்காம். முதலில் மாட்டேன் என்றாராம்.

“கருமாதி, படத்திறப்புக்குச் சமைச்சுத் தரப்படும்னு போட்டுடு பாப்பா.”

வேறு படம் எடுக்கிறேன் என்றாள்.

“எதுக்கு? அதான் ஒண்ணு இருக்கே.” அண்டா ஒன்றை நிமிர்த்தி வைத்து, “நல்லாத்தான் எடுத்திருந்த” என்றார்.

அவள் போனில் தேடி அதை எடுத்தாள். கீழே ஒரு வரி சேர்த்தாள். மற்றபடி அதில் மாற்ற வேண்டியது எதுவும் இருக்கவில்லை.