பாலவாக்கத்தில் அடிபட்ட காரின் என்ஜின்

மழைத்தண்ணீரில் நின்றுபோன என் காரை இன்று மந்தைவெளி ஷெட்டில் பிரித்துப் போட்டார்கள். என்ஜினில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை!

"தண்ணி உள்ள பூந்து என்ஜின் பிளாக்கே ஒடைஞ்சிக்கீது சார். இத்த சரி பண்ணி ஒண்ணியும் ஆவாது. வேற என்ஜின்தான் மாத்தணும்" என்றார் மெக்கானிக் பாபு.

அவரிடமே ஒன்று இருந்தது. பாலவாக்கத்தில் லாரி பின்னாலிருந்து மோதிய கார், ஷெட் வாசலிலேயே நிற்கிறது. முன்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை.

"உள்ள யார் இருந்தாங்க?" என்று பாபுவிடம் கேட்டேன்.

"நான்தாங்க."

திரும்பினேன். காரில் மிச்சமிருந்த சாமான்களை எடுத்துப்போக வந்திருந்த பெண்.

"பின்சீட்டே இல்லாமப் போச்சு. டெய்லி என் பொண்ணு அங்கதான் உக்காருவா. அன்னிக்கு ஜுரம்னு வீட்லயே விட்டுட்டுப் போனேன்."

சொல்லிக்கொண்டே, நசுங்கிய சின்ன தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். நான் காரைவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

அவரோ நிதானமாக, "தைரியமா எடுத்துக்கோங்க. நல்ல என்ஜின், மக்கர் பண்ணதே இல்ல" என்றார்.

எடுத்துக்கொண்டேன். கேரண்டி உண்டா என்று பாபுவிடம் கேட்க வாயெடுத்தவன், அப்படியே மூடிக்கொண்டேன்.

நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா?