மூன்றாம் கப்பலின் கேப்டன்

நம்பாதவர்கள் திருச்சானூருக்கு வாருங்கள். எட்டு அஞ்சலட்டைகளையும் எடுத்துக் காட்டுகிறேன். நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. லாட்ஜ் ரிசப்ஷனில் மதியம் முழுக்க ஈ ஓட்டுகிறவன்.

அந்தச் சலிப்பில்தான் இந்த விளையாட்டில் சேர்ந்தேன். தபாலில் கப்பல் சண்டை. இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் நம் கடற்கரைக்கு எதிரே மரக்கப்பல்களில் அடித்துக்கொண்ட காலத்துச் சண்டை. ஆளுக்கு ஐந்து கப்பல். எந்தக் கப்பல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று வாராவாரம் கார்டில் எழுதி, சூளூர்பேட்டை தாமோதரன் சாருக்குப் போட வேண்டும். அவர்தான் நடுவர். இரண்டு பேர் கார்டையும் பார்த்து, பகடை உருட்டி, எந்தக் கப்பலுக்கு என்ன ஆயிற்று என்று பதில் போடுவார். எதிராளி யார் என்று ஆட்டம் முடியும்வரை சொல்ல மாட்டார். அது அவர் வழக்கம்.

ஒவ்வொரு கப்பலுக்கும் கேப்டன் பெயர் கேட்டார். சொந்தக்காரர்கள் பெயரை எழுதினேன். மூன்றாவது கப்பல் இருப்பதிலேயே சின்னது. அதற்கு அக்கா புருஷன் சீனு மாமா பெயர். மாமா முன்பு பழவேற்காடு ஏரியில் படகு ஓட்டியவர். இரண்டு வருடம் முன் திடீரென்று விட்டுவிட்டு, சத்தியவேட்டில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டார். ஏன் என்று கேட்டால் முறைப்பார். கேலிக்காகத்தான் எழுதினேன்.

'மூன்றாம் கப்பல், நேராகக் கிழக்கே.' அது தூண்டில் புழு. கடித்தால் கடிக்கட்டும் என்று விட்டேன்.

எதிராளி என் பெரிய கப்பலை ஒட்டியே கடந்து போனான். ஒரு குண்டுகூடப் போடவில்லை. அவன் ஐந்து கப்பலும் மூன்றாம் கப்பலை நோக்கியே வந்தன. ஆடத் தெரியாதவன் என்று சிரித்தேன்.

நான்காவது கார்டு. 'மூன்றாம் கப்பலில் ஓட்டை. கணுக்கால் அளவு தண்ணீர்.'

அன்று மாலை 5.20க்கு மாமாவிடமிருந்து போன்.

"ரமணா, காலு ஈரமாவே கீதுடா. தொடச்சாலும் போவல."

ஷூவை மாற்றச் சொன்னேன்.

ஐந்தாவது கார்டு. 'முழங்கால் அளவு.'

நானே போன் போட்டேன்.

"முட்டி வரிக்கும்டா..." "உப்பு வாசன வருது."

பயந்துவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன். கார்டு போடாவிட்டால் ஆட்டம் நின்றுவிடும் என்று நினைத்தேன். போடவில்லை.

ஆட்டத்தின் நான்காம் விதியை மறந்துவிட்டேன். கார்டு வராவிட்டால், கப்பல் பழைய திசையிலேயே போகும்.

ஆறாவது கார்டு. 'உத்தரவு வரவில்லை. நேராகக் கிழக்கே. கழுத்தளவு.'

உடனே எழுதிப் பெட்டியில் போட்டேன். 'மூன்றாம் கப்பல் கரைக்குத் திரும்பவும்.' தாமோதரன் சாருக்கு போனும் போட்டேன்.

"கார்டுல வந்தாதான் கணக்கு, தம்பி."

ஏழாவது கார்டு. வியாழன், மதியம் 3.40.

வெளியே நல்ல வெயில். கார்டு ஈரமாக இருந்தது.

'உத்தரவு தாமதம். மூன்றாம் கப்பல் மூழ்கியது. கேப்டன் கரை சேர்ந்தாரா... பகடை: இல்லை.'

3.41.

போன் அடித்தது.

அக்கா...

நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாமா போயிருந்தார். நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்றார் டாக்டர். உப்புத் தண்ணீர்.

காரியம் முடிந்த அன்று அக்கா மோகனப்ரியா வாயைத் திறந்தாள்.

"ரெண்டு வருஷம் முன்ன படகு கவுந்துச்சி. பறவ பாக்க வந்தவரு ஒருத்தரு, முழுவிட்டாரு. இவரு மட்டும் நீந்தி வந்துட்டாரு. அவரு பேரு கோகுலகிருஷ்ணன். உன் மாமாதான் யாராண்டயும் சொல்லாதன்னாரு."

மறுநாள் எட்டாவது கார்டு வந்தது.

'ஆட்டம் முடிந்தது. எதிராளி விலகிவிட்டார். வழக்கப்படி பெயர் சொல்கிறேன்: கோகுலகிருஷ்ணன். ஒன்று மட்டும் புரியவில்லை. நான் அவருக்கு அனுப்பிய ஏழு கார்டும் இன்று ஒன்றாகத் திரும்பி வந்தன. விலாசதாரர் இறந்து இரண்டு வருடம் என்று தபால்காரர் எழுதியிருக்கிறார். அவரிடமிருந்து வந்த கடைசிக் கார்டில் ஒரே வரி: "எனக்கு இது போதும்."'

என் மற்ற நான்கு கப்பல்களும் ஒரு கீறல்கூட இல்லாமல் நிற்கின்றன.