நாய் குளிப்பாட்டிய கை

நான் நாய்க்கு முடி வெட்டப் படித்தவன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. காஜிமார் தெருப் பக்கம் என் தகப்பனார், அத்தாவுக்குத் தையல் கடை. எனக்கு வயது இருபத்தொன்று. காலையிலிருந்து மாலை வரை பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது என் வேலை. அந்த வேலையை அடியோடு வெறுத்தேன். அத்தாவுக்கும் அது தெரியும்.

ஒரு நாள் ரயில்வே காலனியிலிருந்து ஒரு சட்டைக்கார அம்மா, ஆங்கிலோ இந்தியர், நாயைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். என்ஜின் டிரைவரின் மனைவி. கொடைக்கானல் போகிறார்களாம், குளிருக்கு நாய்க்கு ஒரு சட்டை தைக்க வேண்டுமாம். அத்தா கழுத்தில் தொங்கிய நாடாவை எடுக்கக்கூட இல்லை. "மனுசனுக்குத் தைக்கிற கடைம்மா இது" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்கத் தொடங்கினார். நான் ரோட்டில் இறங்கிக் குந்தி, ஒரு சணல் துண்டை வைத்து அளவெடுத்தேன். நீளக் காது வைத்த ஸ்பானியல் நாய். கடைசிவரை அசையாமல் நின்றது.

"இது யார் தொட்டாலும் கடிக்கும். உன்கிட்ட நிக்குது" என்றார் அந்த அம்மா.

பசுமலைப் பங்களாக்களிலும் மில் துரைமார் வீடுகளிலும் இருந்த நாய்களைக் குளிப்பாட்டி முடி திருத்துவது அவருடைய தொழில். தனியாளாகச் சமாளிக்க முடியவில்லை. ஒரு வருஷம் கற்றுக்கொண்டால் கடிதம் எழுதித் தருவேன், மலைமேல் எந்தப் பங்களாவிலும் வேலை கிடைக்கும் என்றார்.

நான் ஒன்றும் துள்ளிக் குதித்துப் போய்விடவில்லை. மில்லில் அப்ரண்டிஸாகச் சேர அத்தா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஜமீனில் வேட்டை நாய்கள் வளர்த்தார்கள். அங்கேயும் போய்ப் பார்த்தேன். "கத்தரிய எப்பண்ணே கையில தருவீங்க?" என்று கேட்டதற்கு, "கத்தரியா? முதல்ல இதத் தூக்கு மாப்ள" என்று நாய்களுக்குக் கறி போடும் வாளியைக் காட்டிச் சிரித்தார்கள். அதே கேள்வியைச் சட்டைக்கார அம்மாவிடம் கேட்டேன். "கண்ண மூடிட்டு விரலாலயே உண்ணியத் தேடி எடுக்கிற அன்னைக்கு" என்றார். கேட்டதற்குப் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவரிடமே சேர்ந்தேன்.

வீட்டில் பூகம்பம். எங்கள் வழியில் நாயின் எச்சில் நஜீஸ், அசுத்தம். ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டு. அத்தா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், வைகையில் அள்ளிய வண்டல் மண்ணை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, "இது இல்லாம வீட்டுப் படி ஏறக்கூடாது" என்று கையில் கொடுத்தார். அது இல்லாமல் நான் ஏறவில்லை. ஒவ்வொரு நாய் முடிந்ததும் கழுவினேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு நாய்கள். அந்த அம்மாவின் கார்பாலிக் சோப்பு வேறு. இரண்டே மாதத்தில் விரல் இடுக்கு, உள்ளங்கையெல்லாம் வெடித்துவிட்டது.

வேலை பிடித்திருந்தது. காதுக்குப் பின்னால் சடை விழுந்தால் குறுக்கே வெட்டக் கூடாது, நீளவாக்கில் கீறிப் பிரிக்க வேண்டும். தோலுக்கும் கத்தரிக்கும் நடுவில் நம் விரல் இருக்க வேண்டும். வெட்டுப்பட்டால் நமக்குப் படட்டும். நான்காம் மாதம் கத்தரி கைக்கு வந்தது.

அப்போதுதான் ஒரு மடத்தனம் செய்தேன். மாமாவின் மகளை எனக்கென்று பேசி வைத்திருந்தார்கள். மாமா கயிறு திரித்து விற்கும் கடைக்காரர், ஏற்கெனவே என் வேலையால் கொதித்துப்போயிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை டின்னில் மண் தீர்ந்துபோயிற்று. சோப்பால் மட்டும் கழுவிக்கொண்டு, வீட்டில் போய் மண் போட்டுக் கழுவலாம் என்று அவசரமாக நடந்துகொண்டிருந்தேன். பள்ளிவாசல் வாசலில் மாமா. கோபத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு, சலாம் சொல்லி இரண்டு கையையும் நீட்டினார். மண் போடாத கையால் தொழப் போகிறவரைத் தொடுவதா? என் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

ஊரே பார்த்தது. "தொரைச்சாணி வீட்டு நாயத் தொடுற கை, நம்ம கையத் தொடாதோ?" என்றார் மாமா. நின்று ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டாரே என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று போய்விட்டேன்.

ஆறு மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. வேலையை விட்டால் பெண் தருகிறேன் என்று மாமா ஆள் அனுப்பினார். விடமாட்டேன் என்றேன். கடைசியில் அவர் மகளே, "அத்தா, அவரு கழுவிட்டுத்தானே வீட்டுக்குள்ள வாராரு? எனக்குச் சம்மதந்தான்" என்று சொல்லிவிட்டாள். மாமா ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. நிக்காஹ்வில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத்தான் பெண்ணை ஒப்படைப்பது எங்கள் வழக்கம். "நான் பிடிக்க மாட்டேன். எனக்குப் பதிலா மோதினார் பிடிப்பாரு" என்றார். தகப்பன் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறவர் என் கையைப் பிடிப்பதா? அப்படி நடந்தால் சபையிலிருந்து எழுந்துவிடுவேன் என்று அத்தாவிடம் சொன்னேன். "எந்திரிச்சுப் பாரு, தெரியும் சேதி" என்றார். ஆனால் எழுந்துவிடுவது என்றுதான் நான் இருந்தேன்.

நிக்காஹ் அன்று சபை நிரம்பியிருந்தது. மாமா எனக்கு எதிரே, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. என்னைக் கையை நீட்டச் சொன்னார் நிக்காஹ் நடத்தி வைக்க வந்த ஹஜ்ரத். மோதினாரும் நீட்டினார். அவர் கை பட்டதும் எழுந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நீட்டினேன். மாமாவின் கண் என் உள்ளங்கையில் விழுந்தது. காலமெல்லாம் கயிறு இழுத்தவர், வெடித்த கையை அவருக்குத் தெரியாதா?

"என்னடா இது?"

"கழுவுனது மாமா."

"எம்புட்டுத் தடவ கழுவுன?"

"ஒரு நாய்க்கு ஏழு தடவ. மண்ணு போட்டு."

மாமா குனிந்து என் விரல் இடுக்குகளைப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கு வாசல்ல ஏன்டா கைய மறைச்ச?" என்றார்.

"அன்னைக்கு மண்ணு தீந்துபோச்சு மாமா. நீங்க தொழப் போறீங்கன்னு..."

மோதினாரின் கையை மாமா ஒதுக்கிவிட்டு என் கையைப் பிடித்தார். பெண்ணை ஒப்படைக்கும் வாசகத்தை ஹஜ்ரத் எடுத்துக்கொடுக்க, தன் வாயாலேயே சொன்னார். நானும் ஏற்றுச் சொன்னேன். அடுத்து துஆ, பிரார்த்தனை ஓத எல்லோரும் கை ஏந்த வேண்டும். மாமா என் கையை விடவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"மடப்பயலே, இத அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னடா?" என்றார். மாமனாராக என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.